ஜெய்வாபாய் என்னும் பெயர்
நம் ஊர்ப் பெண்மக்கள் பயிலும் ஒரு பொதுப் பள்ளியின் வரலாறு



ஆண்டறிக்கை மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென நிர்வாகத்தார் கேட்டபோது, பக்தாதின் பைத்துல் ஹிக்மாவைப் பற்றியோ குர்துபாவின் நூலகங்களைப் பற்றியோ எழுதிவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். அவை எழுதப்பட வேண்டியவைதாம். ஆயினும் சென்ற ரமளானில் மக்தபிற்கு வரும் சிறுமி ஒருத்தி, "ஹஜ்ரத், எங்க அக்கா படிக்கிற ஸ்கூலுக்கு ஏன் ஜெய்வாபாய்னு பேரு? அவங்க யாரு?" என்று கேட்டாள். குர்துபாவின் வீதிகளைப் பற்றி ஒரு மணி நேரம் பயான் செய்யத் தெரிந்த எனக்கு, நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெயருக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

திருப்பூர் ஜெய்வாபாய் மாநகராட்சி பெண்கள் மேல்நிலைப் பள்ளியை அறியாதார் நம்மில் இலர். பல ஆயிரம் மாணவியர் ஒரே நிறுவனத்தில் பயில்வதால், தமிழகத்திலேயே மிகுதியான பெண்பிள்ளைகள் படிக்கும் பொதுப் பள்ளிகளுள் ஒன்றாக அது பேசப்படுகிறது. அதன் பெயர், பஞ்சு வணிகத்தால் இவ்வூரில் வேரூன்றிய குஜராத்தியரான ஆஷர் குடும்பத்துப் பெண்மணி ஒருவருடையது. அக்குடும்பத்தைச் சேர்ந்த பத்மாவதி ஆஷர் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். காந்தியடிகள் திருப்பூருக்கு வந்தபோது தங்கியதும் ஆஷர் இல்லத்தில்தான். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டிராத ஒரு குடும்பத்துப் பெண்ணின் பெயரைத் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தம் புத்தக அட்டைகளில் எழுதி வருகிறார்கள்.

இத்தகைய பள்ளி இவ்வூரில் எழுந்த சூழலை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1862-இல் போத்தனூர் வரை இருப்புப் பாதை அமைந்தபின்பே திருப்பூர் பஞ்சுச் சந்தையாக வளரத் தொடங்கியது. 1917-இல் நகராட்சியாயிற்று. 1920களில் கதர் இயக்கத்தின் தலையாய நிலையங்களுள் ஒன்றாக விளங்கிற்று. 1932 ஜனவரியில் கொடிகாத்த குமரன் அடியுண்டு உயிர்நீத்ததும் இவ்வீதிகளில்தான்.

அதே 1920களில் நம் சமுதாயத்தவர் செய்த காரியம் ஒன்றை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். 1925-ஆம் ஆண்டளவில் குலாம் காதர் என்பார் கல்கத்தாவில் பின்னலாடை இயந்திரங்களைக் கண்டு, இங்கே பேபி நிட்டிங் என்னும் முதல் பனியன் கம்பெனியைத் தொடங்கினார் என்பது தொழில் வரலாறு எழுதியோர் பலரும் குறிப்பிடும் செய்தி. இன்று உலகெங்கும் செல்லும் திருப்பூர் பனியனின் தொடக்கம் அது. கல்கத்தா என்றதும் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அதே நகரில் 1911-இல் பேகம் ரொக்கையா சகாவத் ஹுசைன், கணவர் மறைந்தபின் அவர் பெயரால், எட்டே மாணவியருடன் முஸ்லிம் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கி வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை அழைத்து வந்தார். கல்கத்தாவிலிருந்து நாம் இயந்திரத்தை விரைவில் கொண்டுவந்தோம். பள்ளிக்கூடத்தைக் கொண்டுவர நெடுநாள் ஆயிற்று.

சென்னையில் 1870களிலேயே, ஆளுநர் ஹோபார்ட் பிரபுவின் மனைவியார் அளித்த நன்கொடையைக் கொண்டு முஸ்லிம் பெண்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கப்பெற்றது. இராயப்பேட்டையிலுள்ள அரசு ஹோபார்ட் பள்ளி அதுவே. ஆனால் தலைநகரில் எழுந்த தனிப் பள்ளியால் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் சிதறி வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு என்ன பயன்? நமக்கு வாய்த்தவை சாதி, மதம் பாராது எல்லாப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்த நகராட்சிப் பள்ளிகளே. இதை நன்றியுடன் ஒப்புக்கொள்வதில் நமக்குக் குறைவேதும் இல்லை.

நம் திருப்பூரில் 1903-இல் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம் அவர்கள் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராயிருந்து, உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் பயிற்று மொழியாவதற்கு வழி செய்தார். அதற்கு முன் உயர் வகுப்புகளின் பாடங்களை ஆங்கிலத்தில் கற்க வேண்டியிருந்தது. வீட்டில் ஆங்கிலம் அறிந்தோர் எவரும் இல்லாத பெண்பிள்ளைக்கு அது ஏறவொண்ணாத மதிலன்றோ! பின்னர்க் காமராசர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவு வந்தது. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் பரவின. 1960களில் பள்ளியிறுதி வகுப்பு வரை கட்டணமில்லாக் கல்வி வந்தது.

1978-இல் மேல்நிலை வகுப்புகள் தொடங்கப்பெற்றதைப் பலரும் நிர்வாக மாற்றமாகவே கருதுவர். பெண்மக்களைப் பொறுத்தவரை அது அதனினும் பெரிது. அதுவரை பள்ளியிறுதியை முடித்தவள் மேலே படிக்க வேண்டுமாயின் புகுமுக வகுப்பிற்குக் கல்லூரிக்குச் செல்ல வேண்டும். திருப்பூரில் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரி 1971-இல் வந்துவிட்டதெனினும், 'கல்லூரி' என்ற சொல்லைக் கேட்டதுமே பின்வாங்கிய தந்தையர் நம்மில் ஏராளம். அதே பள்ளி, அதே ஆசிரியைகள், அதே சீருடை என்றதும், மேலும் இரண்டு ஆண்டுகள் அனுப்ப அவர்களுக்குத் தயக்கம் குறைந்தது. அவ்விரண்டு ஆண்டுகளில் திருமணப் பேச்சும் தள்ளிப் போயிற்று.

ஆனால் பள்ளிக்குப் போட்டியாக இவ்வூரில் வேறொன்று வளர்ந்துகொண்டிருந்தது. 1980களில் ஏற்றுமதி பெருகியபோது சந்துதோறும் பனியன் கம்பெனிகள் எழுந்தன. கைமடிக்கும், பிசிர் வெட்டவும், அடுக்கிக் கட்டவும் சிறு விரல்கள் தேவைப்பட்டன. சனிக்கிழமை மாலை சம்பளம் கையில் வந்துவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழோ பல ஆண்டுகள் கழித்தே பயன் தரும். எட்டாம் வகுப்பில் தோற்றவளை மட்டுமன்று, முதல் மதிப்பெண் வாங்கியவளையும் அந்தச் சனிக்கிழமை இழுத்துச் சென்றது. இதில் நம் சமுதாயம், பிற சமுதாயம் என்ற வேறுபாடில்லை. வறுமையில் செய்தோரைக் குறை கூற எனக்கு நாவெழவில்லை. வறுமையின்றியும் செய்தோரும் இருந்தனர் என்பதை மட்டும் சொல்லி அப்பால் செல்கிறேன்.

அந்நாட்களில் இத்தகைய பொதுப் பள்ளிகளின் ஆசிரியைகள் ஆற்றிய தொண்டு எந்தத் தேர்ச்சிப் பட்டியலிலும் காணப்படாது. வராத பிள்ளையைத் தேடி வீட்டிற்கு வந்து வாசலில் நின்று வாதாடியவர்களை நம் மஹல்லாவின் மூத்த தாய்மார்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். ஓர் உம்மா என்னிடம், "டீச்சரம்மா மூணு தடவ வந்தாங்க ஹஜ்ரத், நாலாந்தடவ வர்றதுக்குள்ள நானே கொண்டுபோய் விட்டுட்டேன், வெக்கமாப் போச்சு" என்றார்.

2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற ஆணைப்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, தனியார் பள்ளிகளில் கட்டணம் செலுத்த இயலாத பெற்றோர் பலருக்குப் புகலிடமாயிருந்தவையும் பொதுப் பள்ளிகளே. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தோரின் பிள்ளைகள் தமிழ் எழுத்துகளைக் கற்பதும் அங்கேதான். பெயரைத் தந்த குடும்பமும் வெளியிலிருந்து வந்ததே என்பதை எண்ணும்போது, இது பொருத்தமாகவே தோன்றுகிறது.

அரசுப் பள்ளியில் படிப்பது இப்போது பிள்ளைக்கு உரிமைகளையும் ஈட்டித் தருகிறது. 2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்ற பெண்களுக்கு, உயர்கல்வி பயிலும் காலத்தில் மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. 2007-இல் முஸ்லிம்களுக்கு அளிக்கப்பெற்ற 3.5 விழுக்காடு ஒதுக்கீட்டையும் இவற்றோடு சேர்த்துப் பாருங்கள். இவ்வளவும் இருக்க, வட்டிக்குக் கடன் வாங்கியேனும் ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பதே மரியாதை என்று கருதும் சில சகோதரர்களை நான் அறிவேன். வட்டியைப் பற்றி நான் தனியே சொல்ல வேண்டியதில்லை.

நான் நாள்தோறும் கையாளும் ஆவணம் ஒன்று உண்டு. அது நம் ஜமாஅத்தின் நிகாஹ் பதிவேடு. நிர்வாகத்தாரின் அனுமதியோடு இக்கட்டுரைக்காகப் பழைய ஏடுகளைப் புரட்டினேன். தொடக்கப் பக்கங்களில் மணமகள் ஒப்பமிட வேண்டிய இடத்தில் நீல மைக் கட்டைவிரல் ரேகைகளே மிகுதி. பின்னர், எழுத்துக் கூட்டி எழுதிய நடுங்கும் கையெழுத்துகள் வருகின்றன. அதன்பின் ரேகைகள் அருகி, ஒரு கட்டத்தில் அறவே நின்றுவிடுகின்றன. எந்த ஆண்டு எந்தப் பள்ளியில் எவர் படித்தார் என்று அவ்வேடு சொல்லாது. ஆயினும் பள்ளிக்கூடங்களின் வரலாற்றை அதைவிடத் தெளிவாகக் கூறும் ஏட்டை நான் கண்டதில்லை.

இவ்வாண்டு நடைபெற்ற ஒரு நிகாஹில், பதிவேட்டை உள்ளே அனுப்பிய சிறிது நேரத்தில் அது ஒப்பமின்றியே திரும்பி வந்தது. மணமகளுக்குச் சம்மதமில்லையோ என்று சபையில் ஒரு கணம் அமைதி நிலவிற்று. பெண்ணின் தாய்மாமன் குனிந்து என் காதருகே, "மஹர் தொகை எண்ணுல ஒண்ணு, எழுத்துல ஒண்ணு இருக்குதாம் ஹஜ்ரத், சரி பண்ணித் தந்தா கையெழுத்துப் போடறேன்னு சொல்லுது" என்றார். பார்த்தேன், பிழை என்னுடையதே. திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு அனுப்பினேன். எங்கே படித்த பெண் என்று பின்னர் விசாரித்தேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை ஜெய்வாபாய் என்றார்கள்.