கரை யாருக்குத் தேவை? கடலோர மண்டல விதிகளில் நீர்முனை வரையறையின் வரலாறு

நில வகைப்பாட்டு விதிகளைப் படிப்பவர்கள் பெரும்பாலும் வரையறைப் பகுதியைத் தாண்டிச் சென்று, எது கூடும், எது கூடாது என்ற பட்டியலில்தான் நிற்கிறார்கள். அந்தப் பட்டியலின் பொருளையே தீர்மானிப்பவை வரையறைகள்தாம் என்பதற்கு இந்தியக் கடலோரம் நல்ல சான்று. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் 1991 பிப்ரவரி 19 அன்று வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தில் புதிய தொழில்களைத் தடுத்தது. நீர்முனையோடு நேரடித் தொடர்புள்ளவற்றுக்கும், கரையோர வசதி நேரடியாகத் தேவைப்படுபவற்றுக்கும் மட்டும் விலக்கு அளித்தது. ஒரு தொழில் கரையில் இருப்பதற்கும், கரை இல்லாமல் நடக்கவே முடியாது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த விலக்கு ஏற்றுக்கொண்டது. இந்த ஒழுங்குமுறையின் ஆகச் சிறந்த பகுதி அதுவே என்பது என் கருத்து. ஆனால் ‘நேரடி’ என்பதற்கு அறிவிக்கை அளவுகோல் எதையும் தரவில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பும் வழக்கு காவிரிப் படுகையிலிருந்து போனது. வயல்களிலும் குடிநீரிலும் உப்பேறுவதாகக் கூறி, இறால் பண்ணைகளுக்கு எதிராகச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். இறால் வளர்ப்புக்கு உவர்நீர் வேண்டும், ஆகவே அது நீர்முனைத் தொழில்தான் என்று பண்ணை உரிமையாளர்கள் வாதிட்டனர். நீதிபதிகள் குல்தீப் சிங், எஸ். சகீர் அகமது அமர்வு 1996 டிசம்பரில் அதை ஏற்கவில்லை. பண்ணைக்கு வேண்டியது உவர்நீர்தான், நீர்முனை அல்ல. அந்த நீரைக் குழாய் வழியே எவ்வளவு தொலைவுக்கும் கொண்டுபோகலாம் என்றது தீர்ப்பு. மரபு முறைப் பண்ணைகளும் மேம்படுத்தப்பட்ட மரபு முறைப் பண்ணைகளும் தவிர, மண்டலத்துக்குள் இருந்த மற்றவற்றை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற ஆணையிட்டது. பொருளின் தேவையையும் இடத்தின் தேவையையும் பிரித்த இந்தத் தர்க்கம், இறாலைத் தாண்டி எந்தத் தொழிலுக்கும் பொருந்தும்.

நாடாளுமன்றம் இந்தத் தர்க்கத்தை மறுத்துரைக்கவில்லை, சுற்றிக்கொண்டு போனது. 2005-இல் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், 1991 அறிவிக்கையின் தடைப் பட்டியல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குப் பொருந்தாது என்று ஒரு வரியைச் சேர்த்தது. அந்த வரி 1991 பிப்ரவரி 19 முதலே இருந்ததாகக் கொள்ளவும் சொன்னது. இதனால் ‘நீர்முனைத் தேவை’ என்ற சோதனையே இத்தொழிலுக்கு வேண்டாததாயிற்று. அதே சட்டம் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் பண்ணை அமைப்பதைத் தடுத்தது உண்மைதான். ஆனால் அது ஒரு தூர அளவு. அந்த நிலத்துக்கும் அந்தத் தொழிலுக்கும் என்ன உறவு என்ற கேள்வி அதில் இல்லை.

தேவையை அளவுகோலாக்கினால் ஒவ்வொரு வழக்கும் நீதிமன்றத்துக்குப் போகும், மீட்டர் கணக்கோ ஐயத்துக்கு இடம் தராது என்பார்கள். நிர்வாகத்துக்கு உறுதி வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் மீட்டர் கணக்கு அந்த உறுதியைத் தந்ததா? ஓத நீர் ஏறும் ஆறுகள், கழிகளின் ஓரம் 1991-இல் 100 மீட்டர் என்றிருந்ததை 1994 திருத்தம் 50 ஆக்கியது. 1996 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தக் குறைப்பை ரத்து செய்தது. 2011 அறிவிக்கையில் 100 என்றிருந்தது, 2019 அறிவிக்கையில் மீண்டும் 50 ஆனது. காரணம் சொல்லாத எண்ணை அடுத்த அரசு எளிதில் மாற்றிவிடும். காரணத்தோடு எழுதிய வரையறையை மாற்ற வேண்டுமானால் அந்தக் காரணத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நாடாளுமன்றம் 2005-இல் முன்தேதியிட்ட வரியைத் தேடிப் போக நேர்ந்ததே 1996 தீர்ப்பின் காரணம் அவ்வளவு வலுவாக இருந்ததால்தான்.

தேவைச் சோதனை வளர்ச்சிக்கு எதிரானது என்ற வாதம் இன்னும் பலவீனமானது. கட்டுமரத்தையும் வள்ளத்தையும் கரையேற்றும் மணல், வலை உலர்த்தும் திடல், கருவாடு காயப்போடும் களம் ஆகியவற்றை ஊருக்குள் தள்ளி வைக்க முடியாது. குழாயில் கொண்டுவரும் நீர் அவற்றுக்கு மாற்றாகாது. சோதனையில் முழுமையாகத் தேறுபவை இவையே. ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் இந்நிலங்களில் பல வெறும் புறம்போக்கு. பயன்பாட்டின் பெயர் அங்கே இல்லாததால், காலியிடம் என்று காட்டி வேறு திட்டத்துக்கு ஒதுக்குவது எளிது. கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் மீனவர் ஊர்களையும் அவர்களின் பொதுப் பயன்பாட்டு இடங்களையும் குறிக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கையே சொன்னது. நகர ஊரமைப்புத் துறையின் நிலப் பயன்பாட்டு வகைகளில் இவற்றுக்குத் தனிப்பெயரும், சர்வே எண்ணோடு எல்லையும் கிடைத்தால்தான் அந்த வரைபடக் குறிப்பு கட்டட அனுமதி வழங்கும் மேசை வரை செல்லும்.