எந்திரப் பாவையும் புலவர் நாவும்

பாலக்காடு மாவட்டத்துப் பகவதி கோயில்கள் பலவற்றில், கோயிலை எதிர்நோக்கி நீண்ட மேடைக் கட்டடம் ஒன்று நிற்பதைக் காணலாம். அதற்குக் கூத்துமாடம் என்று பெயர். திருவிழாக் காலத்து இரவுகளில் அதன் வெண்திரைக்குப் பின்னே 21 விளக்குகள் வரிசையாக ஏற்றப்பெறும். மான்தோலில் வெட்டப்பட்ட பாவைகளின் நிழல் திரையில் விழ, விடியும்வரை இராமகதை நிகழும். இதுவே தோற்பாவைக்கூத்து. நிகழ்வது மலையாள மண்ணில். பாடப்பெறுவதோ பெரிதும் கம்பனின் தமிழ்ப் பாடல்கள். ஆட்டுவிப்போர் இன்றும் ‘புலவர்’ என்றே அழைக்கப்பெறுகின்றனர்.

இக்கூத்தைக் கோயிலுக்கு வெளியே கொண்டுசென்றவர்களுள் முதன்மையானவர் ஷொரணூரை அடுத்த கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர். அவர் மகன் இராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டே, இக்குடும்பத்தின் துணையுடன் திருச்சூரின் இங்கர் ரோபோட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய எந்திரப் பாவைகள் பாலக்காடு மாவட்டப் பாரம்பரிய அருங்காட்சியகத்திற்காக அறிமுகமாயின. பல இரவுகள் நீளும் கூத்தைச் சுற்றுலாப் பயணி சில நிமிடங்களில் காண வழி பிறந்தது.

இம்மாற்றத்தை மதிப்பிட, கூத்தின் இயல்பை அறிதல் வேண்டும். தாரிகனோடு பொருதுகொண்டிருந்தமையால் பத்ரகாளியால் இராம-இராவணப் போரைக் காண இயலவில்லை என்றும், அக்குறை தீரவே கூத்து ஆண்டுதோறும் நிகழ்கிறது என்றும் மரபு கூறும். எனவே முதற்பார்வையாளர் தேவியே. மனிதர் எவரும் அமராத இரவுகளிலும் கூத்து நின்றதில்லை. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் வெளியிட்ட ஆய்வுநூலிலும், வெற்றுவெளியின் முன்னே புலவர்கள் தமக்குள் உரையாடிக்கொள்ளும் நிலையே மையப்பொருளாக அமைந்துள்ளது.

அவ்வுரையாடலே கூத்தின் உயிர். ஒருவர் பாடலைச் சொல்வார், பொருள் விரியும், மற்றவர் வினவுவார், விடையில் இலக்கணமும் புராணமும் கிளைக்கும். நேர்ச்சை செலுத்தியவர்களுக்கான வாழ்த்தும் இடையே இடம்பெறும். ஊடாட்டம் என இன்றைய தொழில்நுட்பம் குறிப்பிடும் பண்பு, இங்கு நாவின் வழியே நிகழ்ந்துவந்துள்ளது. பாவையின் அசைவோ மிகச் சிறிது. பெரும்பாலான பாவைகளில் ஒரு கை மட்டுமே அசையும். எந்திரம் ஏற்றுக்கொண்டது அச்சிறு பகுதியையே. பதிவுசெய்த ஒலிக்கு வினவத் தெரியாது.

இதனால் எந்திரப் பாவையை இகழ்தல் பொருந்தாது. அருங்காட்சியகத்தில் அதனைக் கண்ட மாணவர் ஒருவர் கூத்துமாடத்தைத் தேடிச் செல்லக்கூடும். கேள்வி, அங்கே அவர் எதைக் கேட்பார் என்பதே. செவிவழியாகக் கைமாறிய பாடல்கள் அச்சிட்ட கம்பராமாயணத்தினின்று ஆங்காங்கே வேறுபடுவன. தமிழும் மலையாளமும் கலந்த உரைநடையோ புலவர்தம் நினைவிலேயே பெரிதும் தங்கியுள்ளது. மொழியியலுக்கு இஃது அரிய சான்று.

ஆக்மென்டட் ரியாலிட்டி எனப்படும் மிகைமெய்ம்மை இவ்விடத்தில் உதவக்கூடும். வெறிச்சோடிய கூத்துமாடத்தை நோக்கிக் கைப்பேசியை உயர்த்துவோர்க்கு நிழலோடு பாடலின் வரிவடிவமும், பாடவேறுபாடும், புலவரின் விளக்கமும் சேர்ந்து தோன்றச் செய்யலாம். ஆயின் அதற்கு முன் முழு இரவுகளின் உரையும் ஒலிப்பதிவாகி, எழுத்தாகி, ஒப்புநோக்கப்பெறல் வேண்டும். அப்பணிக்குத் தமிழும் மலையாளமும் ஒருங்கே கற்ற மாணவர்கள் தேவை. மூத்த புலவர்கள் இருக்கும்போதே அது தொடங்கப்பெறவும் வேண்டும்.