போடி அரண்மனை: ஜமீன் போச்சு, வீடு நின்னுச்சு

அரண்மனைன்னதும் மைசூர் மாதிரியோ திருமலை நாயக்கர் மகால் மாதிரியோ நினைச்சுக்காதீங்க மக்கா. எங்க தேனிப் பக்கம் அரண்மனைன்னா ஜமீன்தார் குடும்பம் தலைமுறை தலைமுறையா இருந்த பெரிய வீடு. போடிநாயக்கனூர் அரண்மனையும் அப்படித்தான்.

ஊர்ப் பேர்லயே குடும்பம் இருக்கு பாருங்க. ராஜகம்பளத்து நாயக்கர்கள், வீட்டுல தெலுங்கு பேசுறவங்க. ஆந்திராவுல கூத்தி பக்கமிருந்து வந்தவங்கன்னு பரம்பரைக் கதை சொல்லுது. மதுரையை விசுவநாத நாயக்கர் ஆண்டப்ப (1529-1564) நாட்டை 72 பாளையமா பிரிச்சாங்கன்னு சொல்வாங்கல்ல, அந்தப் பட்டியல்ல போடியும் உண்டு. பாளையக்காரர் வேலை, வரி வசூலிக்கிறது, காவல் காக்கிறது, ராஜா கூப்பிட்டா படையோட போறது. மலையாள தேசத்துக்குப் போற மலைப்பாதை வாசல்ல இருக்கிற ஊருக்கு இந்தக் காவல் எவ்வளவு முக்கியம்னு யோசிச்சுப் பாருங்க.

அப்புறம் கும்பினிக்காரன் வந்தான். 1802-ல நிரந்தர நிலவரிச் சட்டம். படை கிடையாது, வாள் கிடையாது. வருஷா வருஷம் பேஷ்குஷ் கட்டு, மிச்சத்தை நீ வச்சுக்கோன்னுட்டான். பாளையக்காரர் ஜமீன்தார் ஆனது இப்படித்தான். சொத்தைப் பாகம் பிரிக்கக் கூடாது, மூத்தவருக்கு மட்டும், மத்தவங்களுக்கு ஜீவனாம்சம்ங்கிற வழக்கத்துக்கு 1904-ல தனிச் சட்டமே போட்டாங்க. பெரிய வீடு உடையாம நின்னதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த அரண்மனையோட உசுரே அதோட சுவர் ஓவியங்கள்தான். லட்சுமி விலாசம்னு சொல்ற கூடத்துல ராமாயணக் காட்சிகளை வரைஞ்சிருக்காங்க. ஓவியம்னா கோயில், மடம்னே பழகின நமக்கு, ஒரு குடும்பம் குடியிருந்த வீட்டுக்குள்ள இப்படி இருக்கிறது அபூர்வம்தானே?

1948-ல ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்துச்சு. குடியானவன் ஜமீன்தாருக்குக் கட்டின தீர்வை நேரா சர்க்காருக்குப் போச்சு. என்னைக் கேட்டா அது நியாயமான சட்டம்தான், ரெண்டாவது பேச்சே கிடையாது. ஆனா அதுல ஒரு சங்கதி இருக்கு. ஜமீன் நிலம் சர்க்காருக்கு, வீடு குடும்பத்துக்கேன்னு விட்டாங்க. பல ஊர் வருமானத்துல நின்ன கட்டடங்களை இனி ஒத்தைக் குடும்பம் தாங்கணும். ஓடு மாத்தணும், காரை பூசணும், தேக்கு உத்தரத்துக்குக் கரையான் பார்க்கணும். நம்ம மாவட்டத்துலயே கண்டமனூர்ப் பக்கம் போய்ப் பாருங்க, ஒரு ஜமீன் எப்படி இடிஞ்சு கிடக்குன்னு தெரியும்.

"ஜமீன்தான் ஒழிஞ்சுதே, வீடு இருந்தா என்ன, இடிஞ்சா என்ன?"ன்னு சில பேர் கேக்கிறாங்க. எனக்கு அது ஒப்பலைங்க. தீர்வை வாங்கினது ஜமீன்தார், சரி. ஆனா சுண்ணாம்பு அரைச்சது யாரு? கல்லு சுமந்தது யாரு? ராமனையும் அனுமாரையும் வரைஞ்ச கை யாரோடது? பேர் தெரியாத அந்த ஜனங்க விட்டுட்டுப் போன ஒரே கையெழுத்து அந்தச் சுவருதான். அதை இடிய விட்டா நஷ்டம் ஜமீன்தாருக்கு இல்லை, அவங்களுக்கும் நமக்கும்தான்.

1928-ல போடிக்கு ரயில் வந்துச்சு, 2010 கடைசியில நின்னுச்சு, 2023-ல அகலப் பாதையில திரும்ப வந்துச்சு. போன ரயிலைக் கேட்டு வாங்கலாம். அழிஞ்ச ஓவியத்தை யார்கிட்ட போய்க் கேக்கிறது?