ஹாலோவீன்

வாழைச்சேனையில் பிள்ளைகள் சிலர் ஹாலோவீனைப் ‘பேய்த் திருநாள்’ என்று சொல்லக் கேட்டேன், மனம் பொறுக்கவில்லை. அந்தச் சொல்லில் பேயே இல்லை. ‘ஹாலோ’ பழைய ஆங்கிலத்தில் புனிதரைக் குறித்தது. ‘ஈன்’ என்பது மாலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். நவம்பர் 1 சகல புனிதர்களின் திருநாள், அதற்கு முந்திய மாலை இது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் கர்த்தர் கற்பித்த செபம் சொல்லும்போது இறைவனின் நாமத்துக்கு வரும் வினையும் இந்த ‘ஹாலோ’வின் வேரில் பிறந்ததே. நம் பாட்டிமார் செபத்தில் அந்த இடத்தில் ‘அர்ச்சிக்கப்படுதல்’ இருந்தது. புனிதர்களை அவர்கள் ‘அர்ச்சியசிஷ்டர்’ என்றார்கள். இரு மொழியிலும் ஒரே உறவு! அயர்லாந்து, ஸ்கொட்லாந்து நாட்டார் வழக்கங்கள் அந்த மாலையோடு கலந்தன, அமெரிக்காவில் அது முகமூடியும் பூசணிக்காயுமாகப் பெருத்தது. பொருள் புனிதரிடமிருந்து பேய்க்கு நகர்ந்துவிட்டது. தமிழில் ‘புனிதர் திருவிழிப்பு’ என்பேன். பாஸ்காவுக்கு முந்திய இரவால் ‘திருவிழிப்பு’ நமக்குப் பழகிய சொல். கத்தோலிக்கர் ஹாலோவீன் கொண்டாடலாமா என்றால், இந்தப் பொருளில் கட்டாயம் கொண்டாட வேண்டும். பிள்ளைகள் பேய் வேடத்தை விட்டு 2015இல் புனிதரான யோசப் வாஸ் அடிகளாரைப்போல வேடமிடட்டும். இறந்தோருக்கு நவம்பர் 2 இருக்கிறது: மாரி மழை விட்ட நேரம் பார்த்துச் சேமக்காலைக்குப் போய், கல்லறையைத் துப்புரவாக்கி மெழுகுதிரி ஏற்றுகிறோம். செத்தவர்களை நாம் ஆத்துமாக்கள் என்கிறோம், பேய்கள் என்பதில்லை.