தோட்டத்துப் படிநிலையும் நாடகப் பாத்திரங்களும்

மலேசியத் தமிழ் நாடகங்களில் சில பாத்திரங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: அதட்டும் கிராணி (தோட்ட எழுத்தர்), கள்ளுக்கு அடிமையான தகப்பன், எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் தாய், பட்டணம் போய்க் குண்டர் கும்பலில் சேரும் மகன். இவர்கள் எல்லோரும் ரப்பர்த் தோட்டத்தின் படிநிலையிலிருந்து வந்தவர்கள்.

இந்தப் படிநிலைக்குப் பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்திலுள்ள சித்தியவான் வட்டாரம் ஓர் எடுத்துக்காட்டு. அங்கு 1903இல் சீனக் கிறிஸ்தவர்கள் குடியேறி, பின்னர் சிறுதோட்டங்களில் ரப்பர் பயிரிட்டனர். ஆனால் வட்டாரத்தின் பெருந்தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த குடும்பத்தினர். தோட்டத்தின் உச்சியில் வெள்ளைக்காரத் துரை இருந்தார். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் கிராணி வேலைகளில் அமர்ந்தனர். அவர்களுக்குக் கீழே கங்காணியும், அடியில் தொழிலாளியும் இருந்தனர். துரைக்குப் பங்களா, கிராணிக்குத் தனிவீடு, தொழிலாளிக்கு லயம் என்ற வரிசை வீடு. பிறந்த ஊரும் வகுப்பும் இப்படி ஒன்றோடொன்று பின்னியதால், பேச்சைக் கேட்டே ஒருவர் எந்தப் படியில் நிற்பவர் என்று சொல்லிவிட முடிந்தது.

இந்தப் பாத்திரங்களுக்கு இடம் தந்த தொலைக்காட்சி மலேசியாவில் 1963 டிசம்பரில் தொடங்கியது. 1996இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் ஒளிபரப்பு வந்த பின், தமிழகத் தொடர்களும் வீடுகளுக்குள் நுழைந்தன. அவற்றோடு வேறு அச்சுப் பாத்திரங்களும் வந்தன: மதுரைக்காரர் என்றால் அரிவாள், கொங்குக்காரர் என்றால் பணிவு, வீட்டு வேலைக்காரி என்றால் சென்னைத் தமிழ்.

இத்தகைய அச்சுகள் காரணத்தை மறைத்து, விளைவை மட்டுமே காட்டுகின்றன. குடிகாரத் தகப்பனைக் காட்டும் நாடகம், பல தோட்டங்களில் நிர்வாகமே உரிமம் பெற்றுக் கள்ளுக்கடை நடத்தியதைச் சொல்வதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீட்டுமனைகளாகியும் போனபோது, தொழிலாளி வேலையோடு வீட்டையும் இழந்தார். பட்டணத்து ஓரங்களில் ஒதுங்கிய குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர் கும்பல்களில் சிக்கியதற்கு இந்த இடப்பெயர்வும் ஒரு காரணம். காரணம் விடுபடும்போது, வறுமை ஒரு சமூகத்தின் பிறவிக்குணம் போலத் தோன்றுகிறது.

இந்த வழக்கத்திலிருந்து விலகியவை சில மலேசியத் தமிழ்ப் படங்கள். தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005), பல்கலைக்கழகப் படிப்பை விரும்பும் தோட்டத்துப் பெண்ணை நடுநாயகமாக்கியது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015), தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் வன்முறையின் பக்கம் ஈர்க்கப்படுவதைப் படிப்படியாகக் காட்டியது. கண்டிக்கும் தகப்பனும் கும்பலில் இருக்கும் சித்தப்பனும் இதிலும் உண்டு. ஆனால் அவர்களை அப்படி ஆக்கிய வாழ்க்கையும் உடன் வருகிறது. தோட்ட மக்களைத் திரையில் நேர்மையாகக் காட்ட, அவர்களின் வேலையும் வரலாறும் கதைக்குள் இருந்தாக வேண்டும்.