கடல் கடந்த பாடகர் குழாம்

ஆலயப் பாடகர் குழாம் ஒன்று கடல் கடந்து பாடச் செல்லுமாயின், அது தன்னுடன் கொண்டு செல்ல வேண்டியது எது? பிறரிடம் பயின்ற இசையா, தன் மக்களின் இசையா? இவ்வினாவுக்கு விடை தரும் வரலாறு ஒன்று அமெரிக்க நாட்டிலே நிகழ்ந்தது.

அமெரிக்காவில் அடிமைமுறை 1865ஆம் ஆண்டில் ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குக் கல்வி புகட்ட, மறு ஆண்டே நாஷ்வில் நகரில் கிறிஸ்தவத் தொண்டர்கள் பிஸ்க் கல்லூரியை நிறுவினர். போர்க்கால மருத்துவமனையின் பழைய கொட்டகைகளே அதன் வகுப்பறைகள். ஐந்தாண்டுகளுக்குள் கடன் பெருகிற்று. கல்லூரியை மூட வேண்டிய நிலை வந்தது. அப்பொழுது பொருளாளரும் இசையாசிரியருமான ஜார்ஜ் ஒயிட், ஒன்பது மாணவ மாணவியரை அழைத்துக்கொண்டு 1871 அக்டோபர் 6ஆம் நாள் நிதி திரட்டப் புறப்பட்டார். அவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள்.

தொடக்கத்தில் அவர்கள் ஐரோப்பிய இசைப் பாடல்களையே மேடையிற் பாடினர். கூட்டமும் சிறிது, வருவாயும் சிறிது. விடுதிகள் பல, நிறத்தைக் காட்டிக் கதவடைத்தன. அவ்வறுமையிலும், ஒரு கச்சேரியில் கிடைத்த சொற்பத் தொகை முழுவதையும் சிக்காகோ நகரின் பெருந்தீயில் வீடிழந்தோருக்கு வழங்கினர்.

தம் பெற்றோர் வயல்களிலும் இரகசியக் கூட்டங்களிலும் பாடிய பக்திப் பாடல்களை அவர்கள் நன்கு அறிவர். ஆயினும், அவற்றை அந்நியர்முன் பாடக் கூசினர். அடிமை வாழ்வின் வடு ஒருபுறம். புனிதமானதை வேடிக்கைப் பொருளாக்கலாமா என்னும் அச்சம் மறுபுறம். குழுவின் பியானோக் கலைஞரும் பாடகியுமான எலா ஷெப்பர்ட், இத்தயக்கத்தைப் பிற்காலத்தில் எழுதிவைத்துள்ளார்.

1871 நவம்பரில், ஓபர்லின் நகரில் கூடிய திருச்சபை மாநாட்டிலே அப்பாடல்கள் மெல்ல ஒலித்தன. அவை முழுவதும் உருகியது. அன்றுமுதல் அவையே நிகழ்ச்சியின் உயிராயின. அடிமைகள் விடுதலை பெறும் யூபிலி ஆண்டைப் பற்றி வேதாகமம் கூறுவதை நினைந்து, குழுவினர் யூபிலிப் பாடகர் எனப் பெயர் பூண்டனர். 1873இல் இங்கிலாந்து சென்று விக்டோரியா மகாராணியின் முன் பாடினர். அவர்கள் திரட்டிய நிதியால் கல்லூரிக்குப் புதிய நிலம் கிடைத்தது. யூபிலி மண்டபம் எழுந்து 1876இல் திறக்கப்பட்டது. ஓயாத பயணத்தால் பலர் உடல்நலம் குன்றினர். 1878இல் குழு கலைந்தது. ஆயினும் பாட்டு ஓயவில்லை. பிரெடரிக் லவுடின் தலைமையில் 1884இல் புறப்பட்ட குழு, ஆஸ்திரேலியாவிற் பாடியபின் இலங்கை, இந்தியா, சீனம், ஜப்பான் முதலிய நாடுகளைக் கண்டு 1890இல் தாயகம் திரும்பியது.

இவ்வரலாறு கண்டி நாட்டுக்கும் பொருந்துவதே. கண்டியைச் சூழ்ந்த கோப்பித் தோட்டங்களில் உழைத்த தமிழரிடையே 1854இல் திருச்சபையின் தமிழ்த் தொண்டு தொடங்கிற்று. அத்தொழிலாளர் தமிழகத்திலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்தபோது, தம் பாட்டையும் உடன்கொண்டு வந்தனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றோர் இராகமும் தாளமும் அமைத்து இயற்றிய கிறிஸ்தவ கீர்த்தனைகளும் தமிழ்த் திருச்சபைகளின் செல்வமாயின. கண்டி திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயமோ, 1923இல் அடிக்கல் நாட்டப்பெற்று, கண்டி மன்னர் காலத்து மண்டபங்களைப் போன்று கற்றூண்களோடு எழுந்தது. வழிபாடு மேனாட்டார் வழி வந்ததாயினும், கல்லும் வடிவும் இந்த மண்ணுக்குரியவை.

கல்லுக்குப் பொருந்துவது பாட்டுக்கும் பொருந்தும். மேனாட்டுக் கீதங்களைப் பயில்வதிற் குறையொன்றுமில்லை. பிஸ்க் மாணவரும் பயின்றவரே. ஆனால் உலகம் செவிசாய்த்தது, அவர்கள் பாடக் கூசி மறைத்துவைத்த பாடல்களுக்கே. மலைநாட்டுப் பாடகர் குழாம் ஒன்று நாளை கப்பலோ விமானமோ ஏறுமாயின், அதன் பெட்டியிலே தோட்டத்து லயத்தில் அந்திப்பொழுதிற் பாடிய கீர்த்தனைக்கும் ஓர் இடம் இருத்தல் வேண்டும்.