ஜவ்வாது மலைக்கு ஒரு பழைய பயணத் திட்டம்

பல நாள் மலை நடைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? பட்டியல் போடுகிறார்கள். எந்தப் பாதை, எங்கே தண்ணீர், இரவில் எங்கே படுக்கை, வழி தவறினால் என்ன செய்வது. இதே கேள்விகளுக்கு ஜவ்வாது மலைப் பக்கத்தில் ஏறக்குறைய 1,800 வருடங்களுக்கு முன்பே ஒருவர் பதில் எழுதி வைத்திருக்கிறார். அதுவும் 583 அடிகளில்!

அந்த நூல் மலைபடுகடாம். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு. பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாடப்பட்டவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன். செங்கண்மா என்பது இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். பல்குன்றக் கோட்டம் என்றால் பல குன்றுகள் உள்ள நாடு. செங்கத்திலிருந்து ஜவ்வாது மலைப் பக்கம் பார்த்தால் அந்தப் பெயர் வந்த காரணம் தானாகப் புரியும்.

பள்ளிக்கூடத்தில் இதை "ஆற்றுப்படை நூல், வேறு பெயர் கூத்தராற்றுப்படை" என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஆறு என்றால் வழி. நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே பசியோடு வரும் இன்னொரு கூட்டத்துக்கு வழி சொல்கிறான். அரசனைப் புகழ்வதுதான் நோக்கம் என்றாலும், பாட்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது அரசன் அல்ல, பாதை!

அந்தக் கூட்டத்தில் விறலியர் இருக்கிறார்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சுமையும் குறைவில்லை. முழவு, ஆகுளி, பாண்டில், குழல், யாழ் என்று ஒரு முழுக் கச்சேரிக்கான சாமான்கள். அவற்றை எடை சமமாகப் பிரித்துப் பையில் கட்டி, பலாமரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவது போலத் தொங்கவிட்டுச் சுமந்து வந்தார்கள் என்கிறார் புலவர். அந்தப் பைக்குப் பாட்டில் உள்ள பெயர் கலப்பை (உழும் கலப்பை இல்லை!). முதுகுப் பையில் எடையைச் சமமாக வைக்கச் சொல்லி இன்று மலையேற்றப் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பதும் இதுதான்.

சரி, ஆபத்துகளுக்கு வருவோம். பாட்டின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

தினைப்புனத்தை அழிக்கும் பன்றிகளுக்காக, அவை வரும் தடத்தில் குறவர்கள் பெரிய கல்லைப் பொறியாக வைத்திருப்பார்கள். இருட்டில் அந்தப் பக்கம் போனால் பன்றிக்கு வைத்த கல் மனிதன் மேல் விழும். அதனால் விடிந்த பிறகு நடங்கள் என்கிறான் கூத்தன். வழியில் உள்ள குழிகளில் பாம்பு இருக்கும், மரத்தின் மேல் ஏறிப் பார்த்து, கொஞ்சம் விலகிப் போங்கள். பரண் மேல் நிற்கும் குறவர்கள் கவணில் எறியும் கல் எங்கிருந்து வரும் என்று தெரியாது, மரத்தை மறைவாகக் கொண்டு போங்கள். காட்டாற்று ஓரம் வழுக்கும், கொடி சுற்றிய மரத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கடந்து போங்கள். பாசி படிந்த பாறையில் கால் நிற்காது, பக்கத்தில் உள்ள மூங்கிலையோ கோரையையோ பற்றிக்கொள்ளுங்கள்.

எதுவும் பொதுவான அறிவுரை இல்லை. "கவனமாகப் போங்கள்" என்று சொல்லிவிட்டு விடவில்லை. எதைப் பிடிக்க வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்பது வரை இருக்கிறது. நடந்து பார்த்தவர் வாயில்தான் இது வரும்.

கிட்டத்தட்ட இதே காலத்தில், கி.பி. 2ஆம் நூற்றாண்டில், பவுசானியஸ் என்பவர் கிரேக்க நாட்டைச் சுற்றிப் பார்க்க 10 புத்தகங்கள் எழுதினார். அவருக்குக் கோயிலும் சிலையும்தான் முக்கியம். நம் கூத்தனுக்கு, அடுத்த காலடியை எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம்.

இருட்டினால்? சொந்த வீட்டுக்குள் போவது போலக் கற்குகைக்குள் போய்த் தங்கிவிடு. முல்லை நிலம் வந்தால், ஆடு மேய்க்கும் கோவலர் பால் தருவார்கள், தோல் படுக்கை இருக்கும், நெருப்பைத் துணையாக வைத்துத் தூங்கு. சாப்பாடும் இடத்துக்கு ஏற்றபடி மாறும். குறவர் வீட்டில் தினைச்சோறும் நெய்யில் வெந்த இறைச்சியும், இன்னொரு இடத்தில் மூங்கில் அரிசிச் சோறு. அதாவது உணவைச் சுமக்கவே தேவையில்லாத பயணத் திட்டம்!

பாதை பிரியும் இடங்களுக்கும் யோசனை உண்டு. சரியான வழியில் புல்லை முடிந்து வை, பின்னால் வருகிறவன் தெரிந்துகொள்வான். ஊர்ப்பெயர் தெரிவதற்காக மரத்தடிக் கல்லில் வெட்டிய எழுத்தைப் பற்றியும் பாட்டு பேசுகிறது. வழியில் நடுகற்கள் இருக்கும் என்பதும் வருகிறது. இதே செங்கம் வட்டாரத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ஏராளமான நடுகற்களைக் கண்டுபிடித்து, 1972இல் "செங்கம் நடுகற்கள்" என்று தொகுத்து வெளியிட்டது. அவை பாட்டுக்குப் பிந்திய பல்லவர் காலம் முதலானவை என்றாலும், கல் நடும் வழக்கம் அந்த மண்ணில் எவ்வளவு காலம் நீடித்தது என்பதைக் காட்டுகின்றன.

எல்லாவற்றையும் மீறி வழி தவறிவிட்டால் என்ன செய்வது? வாத்தியங்களை வாசி! சத்தம் கேட்டுக் கானவர் ஓடி வருவார்கள். தின்னப் பழமும் சூடப் பூவும் காட்டி, ஆபத்தான பாதையில் உங்களுக்கு முன்னால் நடப்பார்கள். மலையைத் தெரிந்தவன் முன்னால், தெரியாதவன் பின்னால். இந்த வரிசையை நம் காலத்தில் சட்டம் போட்டுத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024இல் தமிழக வனத்துறை 40 பாதைகளைத் திறந்தபோது, பக்கத்து மலைக்கிராமத்து இளைஞர்களையே வழிகாட்டிகளாக வைத்தது. கானவர் மறுபடி முன்னால் நடக்க ஆரம்பித்தார்கள் என்று சொல்லலாம்.

மலை இறங்கிய பிறகு வழி சுலபம். ஜவ்வாது மலையில் பிறக்கும் சேயாற்றின், அதாவது இன்றைய செய்யாற்றின், ஒரு கரையையே பிடித்துப் போனால் நன்னன் ஊர் வந்துவிடும். அங்கே சோறு, துணி, சில நாள் தங்கல், பிறகு யானையும் குதிரையும் பொன்னும். திரும்பும் வழியை மட்டும் பாட்டு சொல்லவில்லை. யானையோடு ஊர் திரும்புகிறவனுக்கு அது எதற்கு என்று புலவர் நினைத்திருப்பார் போல.